மட்டமான படம் என்று தெரிந்தும் ஸ்லாஷர் படங்களைச் சிலர் தேடித் தேடிப் பார்ப்பது ஏன்?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. கதையும் நடிப்பும் லாஜிக்கும் இல்லாத இந்த மலிவு பட்ஜெட் ஸ்லாஷர் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்பது ஒன்று, இதையெல்லாம் ரசிக்கக் கூச்சமாக இல்லையா என்பது இன்னொன்று. நான் இந்த ரகத்தை நிறையவே பார்த்திருக்கிறேன், அதனால் இரண்டுக்கும் சொல்கிறேன். கூச்சம் கொஞ்சம் இருக்கிறது, அதற்கான காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

இந்த ரகம் பழக்கமில்லாதவர்களுக்கு: முகமூடி போட்ட ஒருவன், கையில் கூரான ஏதோ ஒன்று, ஆள் நடமாட்டம் இல்லாத இடம், அங்கே வந்து சேரும் இளைஞர் கூட்டம், ஒவ்வொருவராகக் காலி, கடைசியில் ஒரு பெண் மட்டும் தப்பிப்பாள். பேய் கிடையாது (மூன்றாம் நான்காம் பாகங்களுக்குப் போகும்போது செத்தவனையே எழுப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள், அது தனிக்கதை). 1978-இல் வந்த ஹாலோவீன் சுமார் 3 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு உலகம் முழுக்க ஏறக்குறைய 7 கோடி டாலர் வசூலித்தது. இரண்டு வருடம் கழித்து ஃப்ரைடே தி தேர்ட்டீன்த் சுமார் ஐந்தரை லட்சம் டாலர் செலவில் வந்து அதுவும் அள்ளியது. அப்புறம் கேட்க வேண்டுமா, கேமரா கிடைத்தவன் எல்லாம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டான். 80-களின் முதல் பாதியில் குவிந்தவற்றில் பாதிக்கு மேல் இந்த இரண்டின் நகல்கள்தான், அதை மறைக்கக்கூட அவர்கள் மெனக்கெடவில்லை.

குறைகளைச் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். பள்ளி மாணவனாக வருபவனுக்குத் தலைமுடி கொட்ட ஆரம்பித்திருக்கும். வெளியே ஏதோ சத்தம் கேட்டால் விளக்கைக்கூடப் போடாமல் தனியாகப் போய்ப் பார்ப்பார்கள். ஓடுகிறவள் தடுக்கி விழுவாள், நடந்து வருகிறவன் அவளைப் பிடித்துவிடுவான். செத்துக் கிடப்பவரின் வயிறு மேலும் கீழும் ஏறி இறங்கும். ஏதோ பாயப் போகிறது என்று இசை எகிறும், பூனை குதிக்கும். கொலைகாரனை ஒருவழியாகக் குத்திச் சாய்த்த பெண், கத்தியை அவன் பக்கத்திலேயே போட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்து அழுவாள். இது நகல் படங்களின் குறை என்று நினைக்க வேண்டாம், ஹாலோவீனிலேயே நாயகி இதை இரண்டு முறை செய்கிறாள்.

ஒரு குறையை மட்டும் படத்தை எடுத்தவர்கள் தலையில் கட்டாதீர்கள்: பிரேமுக்குள் எட்டிப் பார்க்கும் மைக். அப்போதைய படங்கள் பலவற்றில் பிலிமில் பதிவானது முழுவதும் தியேட்டருக்குப் போகாது, மேலேயும் கீழேயும் மறைத்து அகலமாகத் திரையிடுவார்கள். அதே படம் வீடியோ கேசட்டுக்குப் போனபோது சதுர டிவிக்காக அந்த மறைப்பை எடுத்துவிட்டார்கள், மைக் தெரிந்துவிட்டது. கேசட்டில் பார்த்துச் சிரித்தவர்கள் திட்டியது தப்பான ஆளை.

சரி, இதில் ரசிக்க என்ன இருக்கிறது? என்னைப் பொறுத்தவரை, பணம் இல்லாதவன் என்ன செய்தான் என்பது திரையிலேயே தெரிகிறது. பெரிய படத்தில் ஒரு பிரச்சினை வந்தால் காசு போட்டு மூடிவிடுவார்கள், நமக்குத் தெரியாது. இங்கே மூடக் காசு இல்லை. ஹாலோவீன் கதை நடப்பது அக்டோபர் மாத இல்லினாயில், எடுத்ததோ வசந்த காலத்துக் கலிபோர்னியாவில். அதனால் இலைகளுக்கு இலையுதிர்கால நிறம் பூசி தெருவில் தூவி, ஷாட் முடிந்ததும் பொறுக்கி அடுத்த ஷாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். கீழே காய்ந்த இலை, மேலே மரமெல்லாம் பச்சை, சில ஷாட்களில் தூரத்தில் பனை மாதிரி மரங்கள்கூடத் தெரியும். முகமூடிக்கு, ஸ்டார் ட்ரெக் தொடரின் கேப்டன் கிர்க் முகம் போட்ட 2 டாலர்கூடப் பெறாத ஒன்றை வாங்கி, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். எந்த உணர்ச்சியும் இல்லாத அந்த வெளிறிய முகம் காசு கொட்டி வடிவமைத்த எத்தனையோ அரக்கர்களைவிடப் பயமாக இருக்கிறது. இசையும் இயக்குநர் ஜான் கார்பென்டரே போட்டதுதான். பியானோவில் ஐந்து தட்டுக் கணக்கில் ஓடும் ஒரு துணுக்கு, அதையும் இன்னும் சில எளிய துணுக்குகளையும் திரும்பத் திரும்ப வைத்தே படம் முழுக்க ஓட்டிவிட்டார்.

இந்த ரகத்தின் பெரிய சிக்கனம் எது என்று கேட்டால், கொலைகாரனின் கண்வழியாகக் காட்டும் ஷாட். புதருக்குப் பின்னாலிருந்து கேமரா எட்டிப் பார்க்கும், கூடவே மூச்சு வாங்கும் சத்தம், அவ்வளவுதான். நடிகர் தேவையில்லை, முகமூடி தேவையில்லை, கொலைகாரன் யார் என்ற ரகசியமும் பத்திரம். அதிகபட்சம் ஒரு கை வேண்டும், அது யாருடைய கையாகவும் இருக்கலாம். ஹாலோவீனின் முதல் காட்சியில் கத்தியை எடுக்கும் சிறுவனின் கை, தயாரிப்பாளர் டெப்ரா ஹில்லினுடையது, ஏனென்றால் அந்தப் பையன் அன்றைக்குப் படப்பிடிப்பில் இல்லை.

என்னுடைய கூச்சமும் இதே ஷாட்டில்தான் இருக்கிறது. 1980-இல் ஜீன் சிஸ்கல், ரோஜர் ஈபர்ட் என்ற இரண்டு அமெரிக்க விமர்சகர்கள் தங்கள் டிவி நிகழ்ச்சியில் இந்த மாதிரிப் படங்களைத் தனியாக எடுத்து வைத்துக் கிழித்தார்கள். அவர்கள் வாதங்களில் முக்கியமானது, இந்த ஷாட் பார்ப்பவனைக் கொலைகாரன் இடத்தில் உட்கார வைக்கிறது, பயந்து ஓடும் பெண் பக்கம் நிறுத்துவதில்லை என்பது. (ஹாலோவீனை மட்டும் அவர்கள் ஒதுக்கிவைத்துப் பாராட்டினார்கள்.) ரசிகர்கள் இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில், கடைசியில் ஜெயிப்பது பெண்தானே என்பது. அது உண்மைதான், அப்படித் தப்பிக்கும் பெண்ணைப் பற்றி கேரல் க்ளோவர் என்ற பேராசிரியர் எழுதியது இன்றுவரை சினிமா படிப்பவர்கள் மத்தியில் பேசப்படுகிறது. ஆனால் எனக்கு அந்தப் பதில் முழுசாகச் சரிப்படவில்லை. மட்டமான நகல் படங்களில் பையன் செத்தால் ஒரே வெட்டு, காட்சி முடிந்தது. பெண் செத்தால் மாடிப்படி, குளியலறை, ஜன்னல் என்று நீட்டி முழக்குவார்கள். அதை எடுத்தவன் எதை ரசித்து எடுத்தான் என்று நன்றாகவே தெரியும். அந்த இடங்களில் நான் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் செய்துவிடுவேன், இது நியாயமா சமாளிப்பா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் மேக்கப் வித்தைகளை ஃபாஸ்ட் ஃபார்வர்ட் செய்ய மாட்டேன். பட்ஜெட்டில் உருப்படியாகச் செலவானது அங்கேதான். ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்தில் கட்டிலில் படுத்திருக்கும் கெவின் பேகனின் (ஆமாம், பின்னாளில் பெரிய நடிகரான அவரேதான்) கழுத்தை அடியிலிருந்து ஓர் அம்பு துளைத்துக்கொண்டு வரும். தலை மட்டும் அவருடையது. அவர் கட்டிலுக்குக் கீழே மண்டியிட்டு, ஓட்டை வழியே தலையை நீட்டிக்கொண்டிருக்க, கழுத்தும் மார்பும் மேக்கப் கலைஞர் டாம் சாவினி செய்த பொம்மை. ரத்தம் அனுப்பும் குழாய் ஷாட் நடுவில் கழன்றுகொள்ள, உதவியாளர் அதை வாயில் வைத்து ஊதிவிட்டாராம், அதனால்தான் ரத்தம் அப்படிக் கொப்பளித்துக்கொண்டு வருகிறது. இன்றைக்கு இதையே கம்ப்யூட்டரில் செய்தால் ரத்தம் எதிலும் ஒட்டாமல் காற்றில் கலந்துவிடுகிறது. சோளப் பாகில் சிவப்புச் சாயம் கலந்த அந்தக் காலத்து ரத்தம் தலையணையில் ஊறும், சட்டையில் கறையாகும், போலி என்று தெரிந்தாலும் ஒரு கனம் இருக்கும். 2022-இல் டெரிஃபையர் 2 சுமார் இரண்டரை லட்சம் டாலரில் எடுத்து ஒரு கோடியைத் தாண்டி வசூலித்ததற்கு, அவர்கள் பழையபடி பொம்மையும் பாகுமாக இறங்கி வேலை செய்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதன் நீளத்தை மட்டும் மன்னிக்க முடியாது, இந்தக் கதைக்கு எதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல்?

நீளம் என்றதும் ஞாபகம் வருகிறது. மோசமான நடிப்பை, ஓட்டைத் திரைக்கதையை எல்லாம் நான் சந்தோஷமாகப் பொறுத்துக்கொள்வேன். இழுவையைப் பொறுக்க மாட்டேன். கார் வரும், நிற்கும், கதவு திறக்கும், பை இறக்குவார்கள், இப்படியே இருபது நிமிடம். சைலன்ட் நைட், டெட்லி நைட் படத்தின் இரண்டாம் பாகம் (1987) இந்த விஷயத்தில் எல்லையையே தாண்டியது. ஏறக்குறைய பாதிப் படம் முதல் பாகத்திலிருந்து எடுத்து ஒட்டிய காட்சிகள், நாயகன் ஒரு டாக்டரிடம் உட்கார்ந்து கதை சொல்கிறானாம். மீதிப் பாதியில் அந்த நடிகரின் புருவம் ஆடும் ஆட்டத்துக்காகவே இன்றைக்கும் அதற்கு ரசிகர்கள் இருக்கிறார்கள், நானும் அதில் ஒருவன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அதேபோல இருட்டு. லைட்டுக்குக் காசில்லாமல் ராத்திரிக் காட்சியை எடுத்து, யார் யாரைத் துரத்துகிறார்கள் என்றே தெரியாத படங்கள் நிறைய உண்டு. அதில் வித்தையும் இல்லை, சிரிப்பும் இல்லை. இன்னொன்று, வேண்டுமென்றே மட்டமாக எடுப்பது. 'பார், எவ்வளவு அசட்டுத்தனம்' என்று படமே கண்ணடித்தால் நமக்கு அங்கே வேலையே இல்லை. பழைய படங்களில் அந்த ஆட்கள் நிஜமாகவே பயமுறுத்த முயன்றார்கள், முடியவில்லை. அந்த முயற்சிதான் பார்க்கச் சுவாரசியம்.

எதில் தொடங்குவது என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். ஹாலோவீன் முதலில், அதைப் பார்க்காமல் நகல்களைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. அப்புறம் 1981-இல் வந்த மை ப்ளடி வேலன்டைன். கனடாவின் ஒரு சுரங்க நகரத்துக் கதை, கொலைகாரனுக்குச் சுரங்கத் தொழிலாளியின் வாயு முகமூடி, உண்மையான சுரங்கத்துக்குள்ளேயே எடுத்திருக்கிறார்கள், இளைஞர்களும் வேலைக்குப் போகிற, வயதுக்கேற்ற முகமுள்ள ஆட்கள். வெளியான காலத்தில் அமெரிக்கத் தணிக்கையில் பல நிமிடங்கள் வெட்டப்பட்டதால் யாராவது பிக்காசை ஓங்கினால் உடனே அடுத்த காட்சிக்குத் தாவிவிடும், இயக்குநருக்குப் படம் எடுக்கத் தெரியவில்லை என்று தோன்றும். வெட்டியதில் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்த்த பிரதி 2009-இல் வந்தது. அதைத் தேடிப் பாருங்கள்.