மார்சேய் வழி, காலி வழி: 1866இல் மெல்போர்னுக்கு ஒரு கடிதம் எப்படிப் போனது?

வாசகர் கேள்வி: ஏலத்தில் ஒரு பழைய அஞ்சலுறை வாங்கினேன். லண்டன் முத்திரை 1866 ஜனவரி 26. பின்பக்கம் மெல்போர்ன் முத்திரை, மார்ச் நடுவில். முன்பக்க மூலையில் 'வயா மார்சேய்' என்று பேனாவில் எழுதியிருக்கிறது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பாய்மரக் கப்பலில் போனது என்று விற்றவர் சொல்கிறார். இலங்கையில் உள்ள காலி வழியாகப் போயிருக்கும் என்கிறார் என் நண்பர், ஆனால் உறையில் காலி முத்திரையே இல்லை. யார் சொல்வது சரி? கப்பல் பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா?

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. தேதிகளே அதைக் காட்டிக் கொடுக்கின்றன. 'ஜேம்ஸ் பெய்ன்ஸ்' என்ற பாய்மரக் கப்பல் 1854-55இல் லிவர்பூலிலிருந்து மெல்போர்னுக்கு 63 நாளில் போனதையே அன்றைக்குப் பெரிய சாதனையாகக் கொண்டாடினார்கள், சாதாரணமாக மூன்று மாதம் பிடிக்கும். உங்கள் உறை ஏழு வாரத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த வேகம் அன்றைக்கு பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியின் நீராவிக் கப்பல் வழிக்கு மட்டுமே உண்டு.

இந்தக் காலத்து உறைகளை உலக வரைபடத்தை வைத்துப் படிக்கக் கூடாது, அரசாங்கம் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தை வைத்துத்தான் படிக்க வேண்டும். எந்தத் தேதியில் கப்பல் கிளம்பும், எங்கே மாறும், யார் பணம் கொடுப்பார்கள் என்பதையெல்லாம் அந்த ஒப்பந்தமே தீர்மானித்தது. ஆஸ்திரேலிய அஞ்சல் மாதம் ஒரு தடவைதான். லண்டனில் ஒரே மாத அஞ்சல் இரண்டு பிரிவாகக் கிளம்பும்: கனமான பைகள் சவுத்தாம்ப்டனில் கப்பலேறி ஜிப்ரால்டரைச் சுற்றிப் போகும். அவசரக் கடிதங்கள் ஆறு நாள் போலக் கழித்துக் கிளம்பி, இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவிலுள்ள ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி, பிரான்ஸை ரயிலில் கடந்து, மார்சேயில் கப்பல் பிடித்து, அலெக்சாந்திரியாவில் முந்தைய பைகளோடு சேர்ந்துகொள்ளும். அந்த ஆறு நாள் அவகாசத்துக்காகத்தான் உங்கள் உறையை எழுதியவர் மூலையில் மார்சேய் என்று போட்டார். அதற்குக் கூடுதல் காசும் கொடுத்திருப்பார். சவுத்தாம்ப்டன் வழி அரை அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ், மார்சேய் வழி அதற்கு மேல். ஒட்டியிருக்கும் அஞ்சல்தலைகளின் மதிப்பைக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் ஆறு பென்ஸ்தான் வருகிறது என்றால் ஒரு அஞ்சல்தலை உரிந்து விழுந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சரி, அலெக்சாந்திரியாவுக்குப் பிறகு? சூயஸ் கால்வாய் திறந்தது 1869 நவம்பரில், அதனால் உங்கள் கடிதம் எகிப்தை ரயிலில்தான் கடந்தது. சூயஸ் வரை அந்த ரயில் பாதை 1858இலேயே வந்துவிட்டது, அதற்கு முன்னால் கெய்ரோவிலிருந்து பாலைவனத்தில் வண்டியும் ஒட்டகமும்தான். சூயஸில் வேறொரு கப்பல், ஏடன் வழியாகக் காலி. காலியில் இறங்கியதும் வழி பிரியும்: கல்கத்தா அஞ்சல் மதராஸைத் தொட்டுக்கொண்டு வடக்கே போகும், ஆஸ்திரேலியப் பைகள் அங்கே காத்திருக்கும் கிளைக் கப்பலுக்கு மாறும். அது மேற்கு ஆஸ்திரேலியாவின் கிங் ஜார்ஜ் சவுண்ட் என்ற துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு மெல்போர்ன், பிறகு சிட்னி என்று போய்ச் சேரும்.

காலி முத்திரை இல்லாததற்குக் காரணம், லண்டனிலேயே மெல்போர்னுக்கென்று கட்டி முத்திரையிட்ட பையை வழியில் யாரும் பிரிக்க மாட்டார்கள் என்பதுதான். பை மட்டும் கப்பல் மாறும், கடிதம் வெளியே வராது. முத்திரை இல்லாததை ஆதாரக் குறைவாக நினைக்காதீர்கள், இருந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

மாதம் ஒரு தடவை மட்டும் ஏன் என்று பலரும் கேட்பதுண்டு. பணம்தான் காரணம். கப்பல்கள் எரித்த நிலக்கரியில் பெரும்பகுதி பிரிட்டனிலிருந்து பாய்மரக் கப்பல்களில் முனையைச் சுற்றி ஏடனுக்கும் காலிக்கும் வந்து இறங்கியது. அந்தச் செலவுக்குக் கடிதக் கட்டணம் எந்த மூலைக்கு? அதனால் ஆண்டு மானியம் இல்லாமல் எந்தக் கம்பெனியும் கப்பல் விடாது. பாதியை லண்டன் கருவூலமும் மீதிப் பாதியைக் குடியேற்ற நாடுகளும் தந்தன. அந்த மீதியில்தான் சண்டை. மெல்போர்னுக்கு அஞ்சல் முதலில் கிடைக்கும், சிட்னிக்காரருக்கும் நியூசிலாந்துக்காரருக்கும் பிந்தித்தான் கிடைக்கும், ஆனால் எல்லோரும் பணம் கட்ட வேண்டும். அவர்களின் கோபம் நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1866இல் நியூசிலாந்தும், சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸும் பனாமா வழியாகத் தனிச் சேவை தொடங்கின, மூன்று ஆண்டு தாங்குவதற்குள் அந்தக் கம்பெனி நொடித்துவிட்டது. மலிவு ஒப்பந்தத்தை நம்பி ஏமாந்த கதை அதற்கு முன்பும் உண்டு: 1857இல் பி அண்ட் ஓவை விட்டுவிட்டு ஐரோப்பிய ஆஸ்திரேலிய ராயல் மெயில் கம்பெனிக்குக் கொடுத்தார்கள், போதுமான கப்பல்கூட இல்லாமல் தொடங்கிய அது அடுத்த ஆண்டே விழுந்தது. சேவை திரும்பவும் பி அண்ட் ஓவிடமே வந்தது. அடுத்து வாங்கும் உறை 1866 நடுவுக்குப் பிறகு சிட்னிக்கோ வெலிங்டனுக்கோ போனதாக இருந்தால், பனாமா என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசுங்கள்.

இப்போது கப்பல் பெயர். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் மெல்போர்னின் 'ஆர்கஸ்' நாளிதழ் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் மெல்போர்ன் முத்திரைக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் கப்பல் வரவுப் பத்தியைப் பாருங்கள், காலியிலிருந்து வந்த அஞ்சல் கப்பலின் பெயரும் பயணிகள் பட்டியலும் இருக்கும். இங்கே பலர் இடறுவார்கள். கிங் ஜார்ஜ் சவுண்டிலிருந்து அடிலெய்டுக்குத் தனியாக ஒரு கிளைக் கப்பல் போகும், அது கொண்டுவந்த இங்கிலாந்துச் செய்தி அடிலெய்டிலிருந்து தந்தியில் மெல்போர்னுக்கு வந்துவிடும். ஆகவே 'ஆங்கில அஞ்சல் வந்தது' என்ற தலைப்பு பத்திரிகையில் வந்த நாளும் உங்கள் கடிதம் துறைமுகத்தில் இறங்கிய நாளும் ஒன்றல்ல. தந்திச் செய்தியை விட்டுவிட்டு, மெல்போர்ன் துறைமுகம் இருக்கும் ஹாப்சன்ஸ் விரிகுடாவில் கப்பல் நுழைந்த பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கிடைக்கும் பெயர் காலி–மெல்போர்ன் கட்டத்துக்கு மட்டும்தான் பொருந்தும். சூயஸ்–காலி கப்பலையும் மார்சேய்–அலெக்சாந்திரியா கப்பலையும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஒரே கப்பல் பெயரைப் போட்டு முழு வழியையும் விவரிக்கும் விற்பனைக் குறிப்பை நம்பாதீர்கள்.

கடைசியாக, உறையில் தண்ணீர்க் கறை இருப்பதாக வேறொரு வரியில் எழுதியிருந்தீர்கள். அதைக் கப்பல் உடைப்பு என்று சொல்லி யாராவது விலை ஏற்றப் பார்த்தால் ஒத்துக்கொள்ள வேண்டாம். இந்த வழியில் உடைப்புகள் உண்மையிலேயே நடந்தன: 1862 நவம்பரில் 'கொழும்பு' என்ற பி அண்ட் ஓ கப்பல் மினிக்காய்த் தீவில் மோதியது, 1871 நவம்பரில் 'ரங்கூன்' காலித் துறைமுகத்து வாசலிலேயே பாறையில் ஏறி மூழ்கியது. அந்தக் 'கொழும்பு' உறைகளில் உடைந்த கப்பலிலிருந்து மீட்டது என்று தனி முத்திரையே குத்தினார்கள். ஆனால் 1866 ஜனவரியில் கிளம்பி வழக்கமான நாளில் மெல்போர்ன் சேர்ந்த கடிதத்துக்கு அந்தக் கதை எதுவும் பொருந்தாது. அந்தக் கறை யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் பட்டதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.