முதலிலிருந்து வேண்டாம்

ஐயா, வணக்கமுங்க.

என் பையன் ஏழாவது படிக்கிறான். இரண்டு வருடமாக ஸ்கூல் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறான். ஜனவரிக் கடைசியில் ஆண்டு விழா. அதில் மூன்று நிமிடம் தனியாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார் மாஸ்டர். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் முதலிலிருந்து கடைசி வரை ஊதுகிறான். ஒரே இடத்தில் கீச்சென்று அடிக்கிறது. உடனே மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். "நூறு தடவ ஊதினா தானா வந்துரும்" என்கிறார் அவன் அப்பா. இரண்டு நாளாகப் பையன் கிளாரினெட் பெட்டியையே திறக்கவில்லை. பக்கத்திலேயே தறிக்குடோன், அந்தச் சத்தம் வேறு. மிரட்டி உட்கார வைக்கட்டுமா, விட்டுவிடட்டுமா?

ஒரு அம்மா, சோமனூர்

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டும் வேண்டாமுங்க. தினம் ஒரு மணி நேரம் மூச்சுப் பிடித்து ஊதுகிற பிள்ளையை மிரட்ட என்ன இருக்கிறது? அவன் தினமும் கச்சேரிதான் செய்கிறான், சாதகம், அதாவது பயிற்சி, இன்னும் ஆரம்பிக்கவில்லை. நூறு தடவை அப்படி ஊதினால் அந்தக் கீச்சும் பாட்டோடு சேர்ந்து பாடமாகிவிடும்.

எந்த இடம் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வருடப் பையன் என்றால் பெரும்பாலும் ஏ என்கிற சுரத்திலிருந்து மேலே பி என்கிற சுரத்துக்கு ஏறும் இடமாக இருக்கும். ஏ வாசிக்கும்போது ஒற்றை விரல்தான் வேலை செய்கிறது. அடுத்த நொடியே பி-க்கு எட்டு விரல்கள் ஒன்றாக இறங்க வேண்டும். ஒரு ஓட்டை மயிரிழை திறந்திருந்தாலும் கீச்சிடும். சின்னக் கைக்கு அது பெரிய தாவல். இதற்கு ஒரு வழி உண்டு: ஏ வாசிக்கும்போதே வலது கை விரல்களை ஓட்டைகளின் மேல் மூடி வைத்துவிடலாம், சத்தம் கெடாது. பிறகு இடது கை மட்டும் இறங்கினால் போதும். மாஸ்டரிடம் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு சுரங்களையும், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று சேர்த்து, நாலே சுரமாக வெட்டி எடுக்கட்டும். போனில் மெட்ரோனோமை (தாளம் தட்டும் செயலி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு சுரம். தொடர்ந்து மூன்று முறை சுத்தமாக வந்தால் 64. தவறினால் மறுபடி 60. ஒரு காதில் இயர்போன் கட்டாயம் வேண்டும். பக்கத்தில் தறி ஓடுகிற சத்தத்தில் மெட்ரோனோம் தட்டு காதில் விழாமல் போகலாம். மணிக்கணக்கெல்லாம் வேண்டாம். காலையில் 20 நிமிடம், சாயங்காலம் 20 நிமிடம். உதட்டுத் தசை சோர்ந்த பிறகும் ஊதினால் மவுத்பீஸை (வாயில் வைக்கும் முனையை) கடிக்கப் பழகிவிடுவான்.

இன்னொன்றைச் சொல்லத்தான் இந்தப் பதிலே எழுதுகிறேன். எட்டாவது படிக்கும்போது நானும் இதே கிளாரினெட்டோடு ஒரு போட்டியில் தனியாக நின்றேன். பாதியில் ஒரு சுரம் நழுவியது. என் கைக்குத் தெரிந்த ஒரே வாசல் பாட்டின் ஆரம்பம்தான். அங்கே போய் மறுபடி தொடங்கினேன், அதே இடத்தில் மறுபடி நழுவியது. மூன்றாம் முறை ஊத மூச்சு வரவில்லை. மேடையை விட்டு இறங்கிவிட்டேன். ஆறு மாதம் பெட்டியைத் திறக்கவில்லை. உங்கள் மகனின் இரண்டு நாள் எனக்கு நன்றாகப் புரிகிறது.

பிற்பாடு எங்கள் ஊர்க் கோயிலில் நாதஸ்வரம் வாசித்த ஒரு பெரியவர் தன் மகனுக்குப் பாடம் சொல்வதைப் பார்த்தேன். திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டே, "சரணம், ரெண்டாவது அடி" என்பார். பையன் அங்கிருந்தே எடுக்க வேண்டும். முடிவதற்குள் "அனுபல்லவி" என்பார். அந்தப் பையனுக்குப் பாட்டில் எங்கே விழுந்தாலும் எழுந்து நடக்க ஓர் இடம் இருந்தது. எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

உங்கள் மகனின் நோட்டில் பென்சிலால் ஐந்தாறு இடங்களுக்கு எண் போடுங்கள். சமையல் செய்துகொண்டே "நாலு" என்று கூப்பிடுங்கள், அவன் நாலிலிருந்து வாசிக்கட்டும். சங்கீதம் தெரியாத அம்மாவும் செய்யக்கூடிய வேலை இது. பக்கத்தில் உட்கார்ந்து தப்பு எண்ண வேண்டாம். "இன்னைக்கு எந்த எடம் கண்ணு?" என்று மட்டும் கேளுங்கள்.

கடைசி இரண்டு வாரம் ஆட்டம் மாறும். அப்போது தினம் ஒரே ஒரு முறை முழுதாக, நின்றுகொண்டு, விழாச் சட்டையும் ஷூவும் போட்டு வாசிக்கட்டும். என்ன நழுவினாலும் நிறுத்தாமல் அடுத்த எண்ணுக்குத் தாவ வேண்டும். கேட்க ஆள் வேண்டும். அம்மாயி அப்பச்சி வந்தால் உட்கார வையுங்கள். அப்பாவையும் ஒரு ஷிப்ட் முடிந்து வந்து உட்காரச் சொல்லுங்கள்.

விழா அன்று மேடைக்கு முன் ஐந்து நிமிடம் ஊதிக் குழலைச் சூடாக்கிவிட்டுத்தான் சுருதி பார்க்க வேண்டும். தை மாதக் குளிரில் கிளாரினெட் சுருதி இறங்கி நிற்கும், ஊத ஊத ஏறும். ரீட் (மவுத்பீஸில் கட்டி ஊதும் மெல்லிய பட்டை) இரண்டு மூன்றை இப்போதிருந்தே மாற்றி மாற்றிப் பழக்கி வைக்கட்டும். பாசத்தில் அன்றைக்குப் புது ரீட் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.