தும்மல் பூனை முடியாலா?

கேள்வி: மகள் தெருவில் இருந்து பூனைக்குட்டி ஒன்றைத் தூக்கி வந்து ஆறு மாதம் ஆகிறது. இப்போது எனக்கு விடிந்தால் தும்மல், கண் அரிப்பு. முடியை ஒட்ட வெட்டினால் சரியாகுமா?
- ஒரு வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்.

பதில்: வெட்டாதீர்கள், பாவம் அது. தொல்லை முடியில் இல்லை, பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதத்தில். நாளெல்லாம் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கிறதல்லவா, அந்த எச்சில் காய்ந்து, பொடியாக உதிர்ந்து, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஒட்டிக்கொள்ளும். வேலூர் வெயிலில் ஃபேனை நிறுத்துகிறோமா என்ன? ஸ்டூல் போட்டு ஏறி இறக்கையின் மேல்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் மெத்தென்று வரும். ஈரத்துணியால் துடையுங்கள்.

முதலில் படுக்கையறைக்குள் பூனையை விடாதீர்கள் (மகள் அழுவாள், அழட்டும்). தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். பூனையைக் குளிப்பாட்டினால் ஓரிரு நாளில் பழைய கதைதான், கையில் கீறல்தான் மிச்சம். யாருக்காவது கொடுத்துவிட்டாலும் அந்தப் புரதம் வீட்டை விட்டுப் போக மாதக்கணக்காகும். அப்புறம், காரணம் பூனைதானா, மெத்தையில் இருக்கும் தூசிப்பூச்சியா என்று தோல் பரிசோதனையில் தெரியும். மூச்சு இழுத்தாலோ நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலோ மருந்துக்கடை மாத்திரையோடு நிற்காமல் டாக்டரிடம் போங்கள்.