அமெரிக்கத் தொடக்கப் பள்ளியில் ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் வேலை எப்படி இருக்கும்?

கேள்வி கேட்டவர் இந்தியாவில் எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டு கலிஃபோர்னியா வந்திருக்கிறார், சின்னப் பிள்ளைகளோடு பேசிப் பழகுகிற வேலை என்பதால் இதில் ஆசை என்கிறார்.

பேசிப் பழகத்தான் வேலை என்று நினைத்து வந்தால் முதல் வருஷமே ஏமாந்து போவீர்கள். நான் இதே மாநிலத்தில் இரண்டு தொடக்கப் பள்ளிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கிறேன். கவுன்சிலிங்கும் உண்டு, ஆனால் டெஸ்ட் வைப்பது, ரிப்போர்ட் எழுதுவது, மீட்டிங்கில் உட்காருவது, இந்த மூன்றிலேயே பெரும்பாலான நேரம் போய்விடும்.

காரணம் சட்டம். மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளின் கல்விக்கான, இப்போது ஐ.டி.இ.ஏ. என்று அழைக்கப்படும் தேசியச் சட்டம் முதலில் 1975இல் வந்தது. அதற்கு முன் பல மாநிலங்களில் 'உங்கள் பிள்ளையை எங்களால் சமாளிக்க முடியாது' என்று பள்ளியே கைவிரித்துவிடலாம். இப்போது முடியாது, சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கு அதை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். சரி, தேவையா இல்லையா என்று எப்படித் தெரியும்? அங்கேதான் நாம் வருகிறோம். கலிஃபோர்னியாவில் பெற்றோர் எழுதிக் கேட்டால் 15 நாளில் பரிசோதனைத் திட்டம் அவர்கள் கைக்குப் போக வேண்டும், அவர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தால் 60 நாளுக்குள் எல்லாம் முடித்து ஐ.இ.பி. (அந்தப் பிள்ளைக்கென்றே போடும் தனிக் கல்வித் திட்டம்) மீட்டிங் கூட்ட வேண்டும் (நீண்ட விடுமுறை நாட்கள் கணக்கில் வராது, நல்லவேளை).

இரண்டாம் வகுப்புப் பையனுக்கு வாசிப்பு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கண், காது சரியாக இருக்கிறதா என்று நர்ஸ் பார்ப்பார். நான் வகுப்பில் ஓர் ஓரமாக உட்கார்ந்து கவனிப்பேன், டீச்சரிடமும் அம்மா அப்பாவிடமும் பேசுவேன், அப்புறம்தான் டெஸ்ட். 6 முதல் 16 வயதுக்கான விஸ்க் என்ற ஐ.க்யூ. டெஸ்டில் சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கச் சொல்லும் பகுதி பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பெற்றோருக்கோ ஐ.க்யூ. எவ்வளவு என்பது மட்டும்தான் வேண்டும்! உண்மையில் அந்த ஒற்றை எண்ணைவிட, எழுத்தையும் ஒலியையும் சேர்ப்பதில் எங்கே தடுமாறுகிறான் என்பதுதான் எனக்கு உதவும்.

ஐ.க்யூ. டெஸ்டுக்கு இங்கே ஒரு கசப்பான வரலாறும் உண்டு. அந்த மதிப்பெண்ணை வைத்துக் கறுப்பினப் பிள்ளைகளை அளவுக்கு மீறி மந்தபுத்தி வகுப்புகளில் தள்ளினார்கள் என்று லாரி பி. வழக்கில் 1979இல் தீர்ப்பு வந்தது. கலிஃபோர்னியாவில் பயிற்சி பெறும் எவரும் அதைப் படிக்காமல் வெளியே வர முடியாது.

மொழியும் அப்படித்தான். ஆங்கிலம் போதாதது வாசிப்புக் குறைபாடு ஆகாது, சட்டமே அதைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. நம் ஆட்கள் சிலர் பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி ஆங்கிலம் என்று எழுதிவிடுவார்கள், பிள்ளையைத் தனி ஆங்கில டெஸ்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். பாட்டியோடு முழுக்கத் தமிழில் வளர்ந்த பிள்ளை என்பது என் காதுக்கு வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். தயவுசெய்து உள்ளதை எழுதுங்கள்.

படிப்புக்கு வருகிறேன். உங்கள் எம்.எஸ்சி. மட்டும் போதாது. ஸ்கூல் சைக்காலஜி என்றே தனிப் படிப்பு இருக்கிறது, பொதுவாக மூன்று வருஷம், அதில் கடைசி வருஷம் 1,200 மணி நேர இன்டர்ன்ஷிப், குறைந்தது பாதியாவது பள்ளியில். இந்த மாநிலத்தில் பள்ளியில் இந்த வேலை பார்க்க பி.பி.எஸ். என்ற அரசுச் சான்று வாங்க வேண்டும். இந்தியச் சான்றிதழ்களை முதலில் மதிப்பீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அதற்கே நாளாகும்.

வேலை கிடைக்குமா என்றால் ஆள் பற்றாக்குறைதான். 500 மாணவருக்கு ஒருவர் என்று ஸ்கூல் சைக்காலஜிஸ்டுகளின் தேசியச் சங்கம் பரிந்துரைக்கிறது, நாட்டுச் சராசரி ஆயிரத்தைத் தாண்டுகிறது. அந்த மீதிப் பேரும் உங்கள் தலையில்தான் விழுவார்கள். படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஏதாவது ஒரு பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் உதவியாளராகச் சில மாதம் வேலை பார்த்துவிடுங்கள், நிறையப் பள்ளி மாவட்டங்களில் ஆள் எடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.