திண்ணையில் ஒரு மாலை வகுப்பு

கேள்வி: எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடங்குகிறார்கள். பெற்றோரும் வந்து உட்காரச் சொல்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் பக்கமே போகாதவள். நான் போய் என்ன ஆகப்போகிறது?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: கட்டாயம் போங்கள் அம்மா. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021-இல் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு, அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித்தருவதற்காகத் தொடங்கிய திட்டம். பென்னாகரம் பக்கம் நானும் ஒரு தன்னார்வலராக இருந்தேன். அப்போது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை தந்தார்கள்.

எங்கள் வகுப்பு ஒரு வீட்டுத் திண்ணையில் நடந்தது. பங்குனி மாதம், பெண்கள் அங்கேயேதான் புளி தட்டுவார்கள். ஒருநாள் மூன்றாம் வகுப்புப் பையன் சத்தமாகப் படிக்க, அவன் அம்மா கையிலிருந்த கட்டையை வைத்துவிட்டு, “அந்த எழுத்தைத் திரும்பக் காட்டு” என்றார். அப்புறம் புளியங்கொட்டைகளைத் தரையில் அடுக்கி அந்த எழுத்தையே போட்டுப் பார்த்தார். பையன், “சுழி பத்தலம்மா” என்று இரண்டு கொட்டையைச் சேர்த்தான். சில மாதத்தில் அவரே பஸ் போர்டில் ‘ஒகேனக்கல்’ படித்தார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்து, கழிப்பறைக்குத் தண்ணீர் கேட்டதும் அவர்தான். அடுத்த முறை பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனபோது பையனைக் கூட்டிப்போகவில்லை. பாட்டியிடம் விட்டுப் போனார். எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் பட்டது அதுதான்.

வேலை முடிந்து வர நேரமாகும் என்றால், வகுப்பைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். தன்னார்வலரும் உங்கள் ஊர்ப் பெண்ணாகத்தான் இருப்பார், கேட்பார். கையில் வேலை இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள்.