லிஃப்ட் சோதனைக்கு யாரு காசு கட்றது? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல நாலறை ஹெச்டிபி (அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு எங்களது. எஸ் அண்ட் சிசி, அதாவது பொது இடப் பராமரிப்புக் கட்டணம், மாசம் 75 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கிட்ட வருது, கேட்டா லிஃப்ட் செலவு ஏறிப்போச்சுங்கிறாங்க. லிஃப்ட் பாதுகாப்பா இருக்கான்னு பாக்கிறது அரசாங்கத்தோட வேலைதானே அண்ணே, அதுக்கு நாம எதுக்கு கட்டணும்?

பதில்: அக்கா, இதுல ரெண்டு வேலை இருக்கு. லிஃப்டைப் பராமரிச்சு சோதிச்சு வச்சுக்கிறது சொந்தக்காரரோட பொறுப்பு, ஹெச்டிபி பிளாக்ல அந்த இடத்துல, பொது இடங்களைப் பாத்துக்கிற டவுன் கவுன்சில் இருக்கு. அது ஒழுங்கா நடக்குதான்னு கண்காணிக்கிறது பிசிஏ, அதாவது கட்டட கட்டுமான ஆணையம். முதல் வேலைக்கு உங்க கட்டணம் போகுது, ரெண்டாவதுக்கு அரசாங்கக் காசு.

2015லயும் 2016லயும் அடுத்தடுத்து லிஃப்ட் விபத்து வந்துச்சே, ஜூரோங்ல ஒரு பாட்டியோட கையே போச்சு, பாசிர் ரிஸ்ல ஒரு பெரியவர் உயிரே போச்சு, அதுக்கப்புறம்தான் 2016 ஜூலைல விதிமுறைய இறுக்கினாங்க. இப்ப மாசம் ஒரு தடவை சர்வீஸ் பண்ணணும், வருஷம் ஒரு தடவை லிஃப்ட் கம்பெனி செய்யற சோதனைய அதுக்குன்னே தகுதி வாங்கின என்ஜினியர் கூட நின்னு பாத்து கையெழுத்து போடணும், அப்புறம்தான் லிஃப்ட ஓட்ட பிசிஏ பெர்மிட் குடுக்கும். இதுக்கெல்லாம் ஆள் வேணும், நேரம் வேணும், செலவு கூடத்தான் செய்யும்.

ஆனா முழுசும் உங்க தலையில விழலக்கா. பழைய லிஃப்ட்ல கதவு சென்சார், கரண்ட் போனா பக்கத்து மாடியில கொண்டுவந்து நிறுத்துற கருவி மாதிரி வசதியெல்லாம் சேர்க்க 2016 செப்டம்பர்ல 45 கோடி வெள்ளி ஒதுக்கினாங்க, சுமார் 20,000 லிஃப்டுக்கு. ஹெச்டிபி 90 சதவீதம், டவுன் கவுன்சில் 10 சதவீதம். இது போக பராமரிப்புக்குன்னு லிஃப்டுக்கு வருஷம் 600 வெள்ளி மானியமும் அறிவிச்சாங்க.

உங்க பில்ல பெருசா நிக்கிறது வேற ஒண்ணு. 2017 ஏப்ரல்ல இருந்து வசூல்ல குறைஞ்சது 14 சதவீதத்தை லிஃப்ட் மாத்துற நிதிக்குன்னு தனியா எடுத்து வைக்கணும்னு விதி. உங்க 75ல அது பத்து வெள்ளிக்குக் கொஞ்சம் மேல. இந்தப் பத்து வெள்ளிய நான் தப்பு சொல்ல மாட்டேன், ஏன்னா இன்னிக்கு சேர்க்கலன்னா லிஃப்டுக்கு வயசாகி மாத்துற நேரத்துல அப்ப அந்த பிளாக்ல இருக்கிறவங்க மொத்தமா அழணும். ஆனா கணக்கு கேக்கிற உரிமை உங்களுக்கு இருக்கு, டவுன் கவுன்சில் வருஷா வருஷம் ஆண்டறிக்கை வெளியிடுது, அதுல லிஃப்ட் நிதி தனியா இருக்கும், எடுத்துப் பாருங்க. எஸ் அண்ட் சிசி தள்ளுபடி உங்களுக்கு உண்டான்னும் மறக்காம பாத்துக்குங்க.

கேள்வி: எங்க கொண்டோ (தனியார் அடுக்குமாடி) கமிட்டியில நானும் இருக்கேன் சார். லிஃப்ட் பராமரிப்புக்கு ரெண்டு கொட்டேஷன் வந்திருக்கு, ஒண்ணு ரொம்பக் கம்மி. அதையே எடுத்துரலாமா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. முதல்ல சொல்லிடறேன், மேல சொன்ன மானியமெல்லாம் டவுன் கவுன்சில் லிஃப்டுக்கு, கொண்டோல முழுச் செலவும் உங்க குடியிருப்பாளர்களோடதுதான். அதனாலயே கம்மி விலை கண்ண இழுக்கும். அந்த விலைக்குள்ள என்னென்ன இருக்குன்னு எழுத்துல கேளுங்க: வருஷ சோதனை சேர்ந்ததா, என்ஜினியர் ஃபீஸ் தனியா, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை முழு பாரம் ஏத்தி சோதிக்கிறாங்களே அது யாரு செலவு, கயிறு பிரேக்லாம் மாத்தினா பில் தனியா வருமா. பல நேரம் கம்மி விலைங்கிறது இதையெல்லாம் வெளிய தள்ளி வச்ச விலைதான், கூட்டிப் பாத்தா ரெண்டும் ஒண்ணாயிடும்.

அதவிட முக்கியம், மாச சர்வீஸுக்கு எத்தனை பேர் வருவாங்க, ஒரு லிஃப்டுக்கு எவ்வளவு நேரம் நிப்பாங்க. பிரேக், கதவு பூட்டு, கயிறு, கீழ இருக்கிற குழி எல்லாம் நிதானமாப் பாக்கிற வேலை, வந்தோம் எண்ணெய் விட்டோம் போனோம்னு முடியாது. டெக்னீஷியன் நேரத்தக் குறைச்சுத்தான் விலையக் குறைச்சாங்கன்னா அது சேமிப்பு இல்ல தம்பி, நாளைக்கு ஏறி இறங்கப் போறது உங்க புள்ளைங்க. கம்பெனி பிசிஏல பதிவானதான்னு கண்டிப்பா பாருங்க.

கேள்வி: ஷாப்பிங் மால் எஸ்கலேட்டருக்கும் இந்த பெர்மிட் உண்டா? அதுக்கு யாரு கட்றா?

பதில்: உண்டுங்க, அதே 2016 விதிதான். மால் சொந்தக்காரர் கட்டணும், அது கடை வாடகையில ஏறி கடைசியில நீங்க வாங்கற பொருள் விலையில கொஞ்சமா ஒட்டிக்கும். பெர்மிட் தேதி தாண்டியிருந்தாலோ, படி ஓரமோ சீப்பு மாதிரி பல்லு இருக்கிற முனையோ உடைஞ்சிருந்தாலோ முதல்ல மால் ஆளுங்ககிட்ட சொல்லுங்க, கண்டுக்கலன்னா பிசிஏக்கு எழுதுங்க. சின்னப் புள்ளைங்க ரப்பர் செருப்பு போட்டிருந்தா படி நடுவுல நிக்க வச்சு கையப் புடிச்சுக்குங்க, மேலயும் கீழயும் சிவப்பு ஸ்டாப் பட்டன் எங்க இருக்குன்னும் ஒரு பார்வை பாத்து வச்சுக்குங்க.