கரண்ட் வருவதற்கு முன்பே ஐஸ் ஃபேக்டரி எப்படி ஓடியது?

கேள்வி நியாயமானது. ஆனால் ஐஸ் செய்ய மின்சாரம் கட்டாயமில்லை. ஒரு திரவத்தை ஆவியாக்கத் தெரிந்தால் போதும். கையில் ஸ்பிரிட் பட்டால் சில்லென்று இருக்கிறதே, அதே சங்கதிதான்.

ஆஸ்திரேலியாவின் கீலாங்கில் பத்திரிகை ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் ஹாரிசன், ஈதர் என்ற எளிதில் ஆவியாகும் திரவத்தை வைத்து இதைச் செய்தார். 1856-இல் காப்புரிமையும் வாங்கினார். நீராவி எஞ்சின் பம்பை ஓட்டும். பம்ப் உறிஞ்ச உறிஞ்ச, குழாயில் ஈதர் ஆவியாகி, சுற்றியுள்ள உப்புநீரின் சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும். அந்த ஆவியை அழுத்தி, தண்ணீரால் குளிரவைத்தால் மறுபடி திரவம். ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும், அதுதான் ஆபத்து.

பிரான்சின் ஃபெர்டினாண்ட் கார்ரே 1859-இல் கொண்டுவந்த முறைதான் எனக்கு இன்றும் வியப்பு. அதில் ஆவியை அழுத்தும் கம்ப்ரசரே கிடையாது. அம்மோனியா வாயு கரைந்த நீரைச் சூடாக்கி, வெளியேறும் அம்மோனியாவைக் குளிரவைத்துத் திரவமாக்கி, பிறகு ஆவியாகவிட்டு, மீண்டும் நீரிலேயே கரைப்பார்கள். அடுப்பு மூட்டி ஐஸ் எடுப்பது!

உப்புநீர் எதற்கு? பூஜ்யம் டிகிரிக்குக் கீழேயும் அது உறையாது. அதில் நல்ல தண்ணீர் நிரப்பிய தகர கேன்களை இறக்கிவைத்தால் தண்ணீர் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறையும். கரைந்திருந்த காற்றும் உப்புகளும் நடுவில் ஒதுங்கும். மீன் மார்க்கெட் ஐஸ் பாரின் நடுவே வெள்ளையாகத் தெரிவது அதுதான். கேனைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் முக்கினால் பார் வழுக்கி வந்துவிடும்.